காப்பீடு எடுக்கும்போது நடுவில் நிற்பவர் யாருடைய ஆள்? ஏஜென்ட், புரோக்கர், வங்கி, நேரடி: ஓர் ஒப்பீடு

தெரிந்த ஏஜென்டிடம் பாலிசி எடுப்பதா, புரோக்கரிடம் போவதா, கணக்கு வைத்திருக்கும் வங்கியிலேயே எடுத்துவிடுவதா, இல்லை கம்பெனி இணையதளத்தில் நாமே வாங்கிக்கொள்வதா? வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர்களில் பலருக்கு பிரீமியத்தில் எவ்வளவு மிச்சமாகும் என்பதுதான் கவலை. மிச்சம் முக்கியம்தான். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நடுவில் நிற்கும் அந்த ஆள் சட்டப்படி யாருக்காக நிற்கிறார்? அவரிடம் நாம் சொன்னதும் கொடுத்ததும் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததாகக் கணக்காகுமா? கிளெய்ம் மறுக்கப்பட்ட குடும்பங்கள் பலவற்றில் சிக்கல் இந்த இடத்தில்தான் தொடங்கியிருக்கிறது.

இங்கே சொல்வதெல்லாம் இந்தியச் சட்டத்தை வைத்து. 1938ஆம் ஆண்டின் இன்சூரன்ஸ் சட்டம், ஐ.ஆர்.டி.ஏ.ஐ. (காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) விதிகள், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சில.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன்.

1. அவர் யாருடைய பிரதிநிதி: கம்பெனிக்கா, உங்களுக்கா?
2. அவர் கையில் கொடுத்த பணமும், அவரிடம் சொன்ன உடல்நல விவரமும் கம்பெனியைக் கட்டுப்படுத்துமா?
3. எத்தனை கம்பெனிகளின் பாலிசியை அவரால் காட்ட முடியும்?
4. கிளெய்ம் வரும்போது அவருடைய வேலை என்ன?
5. அவர் தவறு செய்தால் யாரிடம் போய் நிற்பது?

விலையை இந்தப் பட்டியலில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. ஏஜென்டுக்கும் புரோக்கருக்கும் வங்கிக்கும் கமிஷனைக் கொடுப்பது கம்பெனிதான். ஒரே பாலிசியை இந்த மூவரில் யாரிடம் எடுத்தாலும் பிரீமியத்தில் பெரும்பாலும் வித்தியாசம் இருக்காது. நேரடியாக எடுத்தால் மட்டும் சில பாலிசிகளுக்குத் தள்ளுபடி உண்டு.

| | ஏஜென்ட் | புரோக்கர் | வங்கி | நேரடி |
|---|---|---|---|---|
| யாருடைய பிரதிநிதி | கம்பெனி | வாடிக்கையாளர் | கம்பெனி (கார்ப்பரேட் ஏஜென்ட்) | நடுவில் யாரும் இல்லை |
| எத்தனை கம்பெனி | ஆயுள் 1, பொது 1, ஹெல்த் 1 | எத்தனை வேண்டுமானாலும் | ஒவ்வொரு பிரிவிலும் 9 வரை | அந்த ஒரு கம்பெனி |
| நியமிப்பவர் | கம்பெனி | ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உரிமம் | ஐ.ஆர்.டி.ஏ.ஐ. பதிவு | – |
| கிளெய்ம் உதவி | ஆளைப் பொறுத்தது | விதிப்படியே அவர் வேலை | பெரும்பாலும் குறைவு | நீங்களேதான் |
| தவறுக்குப் பொறுப்பு | கம்பெனி | புரோக்கர் நிறுவனம் | வங்கி, கம்பெனி | கம்பெனி. படிவத்துக்கு நீங்கள் |

## ஏஜென்ட்

சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி ஏஜென்டை நியமிப்பது கம்பெனி. ஐ.சி. 38 என்ற தேர்வில் தேறியவருக்கு நியமனக் கடிதம் தருகிறார்கள். ஆயுள் காப்பீட்டில் ஒரு கம்பெனி, பொதுக் காப்பீட்டில் ஒன்று, தனி ஹெல்த் கம்பெனி ஒன்று என்று அவர் வைத்துக்கொள்ளலாம். பலருக்கு இது தெரியாது. பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் ஹெல்த் பாலிசி விற்பதால், உங்கள் ஏஜென்டிடம் இரண்டு கம்பெனிகளின் ஹெல்த் பாலிசி இருக்க வாய்ப்புண்டு. இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஏஜென்டின் செயல்களுக்கும் தவறுகளுக்கும் கம்பெனியே பொறுப்பு. அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம். வாடிக்கையாளருக்கு இது நல்ல பாதுகாப்பு. ஆனால் ஏஜென்ட் வாயால் சொல்வதெல்லாம் ஒப்பந்தம் ஆகிவிடாது. பாலிசியின் நிபந்தனையைத் தளர்த்தவோ, கிளெய்ம் கிடைக்கும் என்று உறுதி கொடுக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. இந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதை மூன்று வழக்குகள் தெளிவாகக் காட்டுகின்றன. அவற்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் வழக்கு பணம் பற்றியது. 1986இல் ஒருவர் எல்.ஐ.சி.யில் நான்கு பாலிசி எடுத்தார், ஒவ்வொன்றும் 25,000 ரூபாய்க்கு. 1987 மார்ச்சில் கட்ட வேண்டிய அரையாண்டு பிரீமியத்தைக் கெடு முடிந்தும் கட்டவில்லை. ஜூன் மாதம் ஏஜென்ட் அவரிடம் வந்து பிரீமியத்துக்கான செக்கை வாங்கிப் போனார். செக் பணமும் ஆனது. ஆகஸ்ட் 9ஆம் தேதி பாலிசிதாரர் விபத்தில் இறந்துபோனார். மறுநாள்தான் ஏஜென்ட் அந்தப் பணத்தை எல்.ஐ.சி.யில் கட்டினார். பாலிசி காலாவதியாகிவிட்டது என்றது எல்.ஐ.சி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1997இல் எல்.ஐ.சி. பக்கம் தீர்ப்பானது. ஏஜென்டுகள் எல்.ஐ.சி. சார்பில் பணம் வசூலிக்கக் கூடாது என்று 1972ஆம் ஆண்டின் ஏஜென்ட் விதிகளே சொல்கின்றன. ஆகவே ஏஜென்ட் கையில் கொடுத்தது எல்.ஐ.சி.யிடம் கட்டியதாகாது என்றது நீதிமன்றம். இறந்தவர் தன் கணக்கிலிருந்து பணத்தைக் கொடுத்துவிட்டார். இருந்தும் அவர் குடும்பத்துக்குக் காப்பீட்டுத் தொகை கிடைக்கவில்லை.

இரண்டாவது வழக்கு 1999இல். தில்லி மின்வாரிய ஊழியர் ஒருவர் சம்பளத்தில் பிடித்தம் செய்யும் திட்டத்தில் எல்.ஐ.சி. பாலிசி வைத்திருந்தார். மின்வாரியம் பிரீமியத்தை எல்.ஐ.சி.க்கு ஒழுங்காக அனுப்பவில்லை. அவர் இறந்த பிறகு எல்.ஐ.சி. தொகை தர மறுத்தது. இங்கே உச்ச நீதிமன்றம் குடும்பத்தின் பக்கம் நின்றது. வசூலிக்கும் பொறுப்பை முதலாளியிடம் ஒப்படைத்து, ஊழியர்கள் அப்படியே நம்பும்படி எல்.ஐ.சி. நடந்துகொண்டது, எனவே பணம் வாங்கும் விஷயத்தில் முதலாளி எல்.ஐ.சி.யின் ஏஜென்டுதான் என்றது தீர்ப்பு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் வெளிப்படையாகக் கொடுத்த அதிகாரமும் உண்டு, நடத்தையால் கொடுத்ததாகக் கொள்ளப்படும் அதிகாரமும் உண்டு. முதல் வழக்கில் இரண்டுமே இல்லை என்று ஆனது. இரண்டாவதில் பின்னது இருந்தது.

மூன்றாவது, படிவம் பற்றியது. 2019இல் வந்த தீர்ப்பு. தான் ஏற்கெனவே வேறொரு கம்பெனியில் எடுத்திருந்த ஆயுள் பாலிசியைப் பாலிசிதாரர் புரபோசல் படிவத்தில் (பாலிசி கேட்டுக் கொடுக்கும் விண்ணப்பம்) சொல்லவில்லை. படிவத்தை நிரப்பியது ஏஜென்ட், இவர் கையெழுத்து மட்டும்தான் போட்டார் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கையெழுத்துப் போட்டால் உள்ளே இருப்பதற்கும் அவரே பொறுப்பு. 'இங்கே மட்டும் ஒரு கையெழுத்துப் போடுங்க சார், மீதியை நான் பார்த்துக்கிறேன்' என்பது நம் ஊரில் எவ்வளவு சகஜம் என்று எல்லோருக்கும் தெரியும். சர்க்கரை நோயை ஏஜென்டிடம் வாயால் சொல்லியிருப்பீர்கள். படிவத்தில் 'இல்லை' என்று இருந்தால், சொன்னதை நிரூபிக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

பணம் பற்றிய சட்டம் இப்போது ஓரளவு தெளிவு. பிரீமியம் முன்கூட்டி வந்து சேராமல் கம்பெனி பொறுப்பு ஏற்கக் கூடாது என்கிறது 64வி.பி. பிரிவு. கம்பெனி சார்பில் வசூலிக்கும் ஏஜென்ட், தன் கமிஷனைப் பிடித்துக்கொள்ளாமல் முழுத் தொகையையும் 24 மணி நேரத்துக்குள், விடுமுறை நாள் நீங்கலாக, சேர்த்துவிட வேண்டும். எல்.ஐ.சி.யும் தகுதியுள்ள ஏஜென்டுகள் சிலருக்கு பிரீமியம் வசூலிக்கத் தனி அனுமதி தருகிறது. அவர்கள் தருவது எல்.ஐ.சி.யின் ரசீது. ரசீது வராமல் கையில் காசு கொடுக்காதீர்கள். ஜிபே என்றால் பணம் ஏஜென்டின் எண்ணுக்குப் போகக் கூடாது, கம்பெனிக்குப் போக வேண்டும்.

ஏஜென்ட் வழியில் கண்ணுக்குத் தெரியாத செலவு மூன்று. முதலாவது, அவரிடம் இல்லாத நல்ல பாலிசியை அவர் உங்களுக்குச் சொல்ல முடியாது. இரண்டாவது, அவர் தொழிலை விட்டுவிட்டால் பாலிசி அனாதையாக நிற்கும். கிளை அலுவலகத்துக்கு நீங்கள்தான் அலைய வேண்டும். மூன்றாவது, ரிபேட். முதல் பிரீமியத்தில் பாதியை நான் கட்டிவிடுகிறேன் என்று ஏஜென்ட் சொன்னால் இலாபம்போலத் தெரியும். 41ஆம் பிரிவு இதைத் தடை செய்கிறது. கொடுப்பவருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும் தடை. மீறினால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். புரபோசல் படிவத்திலேயே இது அச்சாகியிருக்கும். சட்டத்தை விடுங்கள், வருமானத்தை ரிபேட்டாகக் கொடுத்துவிட்ட ஏஜென்ட் பத்து வருஷம் கழித்து ஆஸ்பத்திரிக்கு ஓடிவர என்ன காரணம் இருக்கிறது?

இவ்வளவு சொன்ன பிறகும், ஊரில் இருபது வருஷமாகத் தொழில் செய்யும் ஒரு நல்ல ஏஜென்டின் மதிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நாமினி மாற்றுவது, முதிர்வுத் தொகை வாங்குவது, இறப்புக் கிளெய்முக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று விதவைக்குப் பொறுமையாகச் சொல்வது, இதையெல்லாம் இணையதளம் செய்யாது. வயதான பெற்றோருக்கு, சின்ன ஊரில், எளிய ஆயுள் பாலிசி என்றால் ஏஜென்ட்தான் என் முதல் தேர்வு.

## புரோக்கர்

புரோக்கர் தனி நபர் அல்ல, நிறுவனம். 2018ஆம் ஆண்டின் புரோக்கர் விதிகளின்படி 'நேரடிப் புரோக்கர்' என்ற வகையில் பதிவு செய்யவே 75 லட்சம் ரூபாய் மூலதனம் வேண்டும். தகுதி பெற்ற முதன்மை அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். தொழிலில் கவனக்குறைவு நடந்தால் ஈடுகட்ட, புரோக்கர் தனக்கே ஒரு தொழில்பொறுப்புக் காப்பீடு எடுத்து வைத்திருக்க வேண்டும். அவருடைய வேலைகள் விதியிலேயே எழுதியிருக்கின்றன: வாடிக்கையாளரின் தேவையை விவரமாகக் கேட்பது, பொருத்தமான பாதுகாப்பு எது என்று ஆலோசனை சொல்வது, கம்பெனிகளின் விலைப்புள்ளிகளைக் கொண்டுவந்து காட்டுவது, கிளெய்ம் பேச்சுவார்த்தையில் உதவுவது.

அவர் உங்கள் பிரதிநிதி என்பதில் நன்மையும் உண்டு, அதிகம் பேசப்படாத ஓர் ஆபத்தும் உண்டு. ஒப்பந்தச் சட்டப்படி ஏஜென்டிடம் தெரிவித்தது அவரை நியமித்தவருக்குத் தெரிவித்ததாகும். புரோக்கர் உங்கள் ஆள். எனவே அவரிடம் சொன்ன பைபாஸ் அறுவைசிகிச்சை விவரம் கம்பெனிக்குத் தெரிந்ததாகாது. அவர் அதைப் படிவத்தில் ஏற்ற மறந்தால், கம்பெனி உங்களைத்தான் கேட்கும். நீங்கள் புரோக்கர் மீது வழக்குப் போடலாம், அவருடைய தொழில்பொறுப்புக் காப்பீடு அதற்குத்தான் இருக்கிறது. ஆனால் அது வேறு வழக்கு, வேறு காலம். ஆஸ்பத்திரி பில்லை இன்றைக்குக் கட்ட வேண்டும். படிவத்தின் நகலை வாங்கி வரி வரியாகப் படிப்பது புரோக்கரிடம் போனாலும் உங்கள் வேலைதான்.

இன்னொன்று. புரோக்கர் உங்கள் பிரதிநிதியாக இருந்தாலும் சம்பளம் கம்பெனியிடமிருந்து வருகிறது. 2023 ஏப்ரல் முதல் ஒவ்வொரு வகைப் பாலிசிக்கும் தனித்தனி கமிஷன் உச்சவரம்பு இல்லை. மொத்த நிர்வாகச் செலவு வரம்புக்குள் கம்பெனியின் இயக்குநர் குழுவே முடிவு செய்யலாம். அதனால் எந்தப் பாலிசியைப் பரிந்துரைத்தால் யாருக்கு எவ்வளவு என்பது வெளியிலிருந்து தெரியாது. ஆனால் கேட்டால் சொல்ல வேண்டும். ஏஜென்ட், புரோக்கர் இருவருடைய நடத்தை விதியிலும் இது இருக்கிறது. கூச்சப்படாமல் கேளுங்கள். அப்புறம், மூன்று கம்பெனி காட்டினால் அந்த மூன்று ஏன், நான்காவது ஏன் இல்லை என்றும் கேளுங்கள்.

வீட்டில் யாருக்காவது நோய் வரலாறு இருந்தால் புரோக்கர் நல்ல தேர்வு. ஒரு கம்பெனி மறுக்கும் விண்ணப்பத்தை இன்னொன்று கூடுதல் பிரீமியத்துக்கு ஏற்கலாம். அதைத் தேடிப் பிடிக்கும் வசதி அவருக்குத்தான் உண்டு. சிறு தொழில் என்றால் யோசிக்கவே வேண்டாம். திருப்பூரில் ஒரு பின்னலாடை யூனிட்டை எடுத்துக்கொள்வோம். தீ விபத்துப் பாலிசி, ஏற்றுமதிச் சரக்குக்கு மரைன், தொழிலாளர்களுக்குக் குழு ஹெல்த் என்று மூன்று நான்கு பாலிசி. சொத்து மதிப்பு ஐந்து கோடிக்குள் இருந்தால் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா', அதற்கு மேல் ஐம்பது கோடி வரை 'பாரத் லகு உத்யம் சுரக்ஷா' என்று 2021 ஏப்ரல் முதல் தனிப் பாலிசிகள் வந்துவிட்டன. மதிப்பைக் குறைத்துக் காட்டினால் கிளெய்மும் அதே விகிதத்தில் குறையும். இவற்றில் 15 சதவீதம் வரை மட்டும் அந்தக் குறையைக் கண்டுகொள்ள மாட்டார்கள். கிளெய்ம் என்றால் சேதத்தை மதிப்பிட, கம்பெனி நியமித்த சர்வேயர் வருவார். அவரோடு கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துப் பேச உங்கள் பக்கம் விவரம் தெரிந்த ஒருவர் வேண்டும்.

பெரிய ஒப்பீட்டு இணையதளங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாலிசிபஜார் போன்றவை இப்போது புரோக்கர் உரிமத்தில்தான் இயங்குகின்றன. உங்களை அழைத்துப் பேசும் இளைஞருக்கு விற்பனை இலக்கு இருக்கலாம், ஆனால் அந்த நிறுவனத்துக்கு உங்கள் மீது புரோக்கருக்குரிய கடமை உண்டு. புகார் எழுதும்போது இதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

## ஏஜென்டுபோல இருப்பவர்: பி.ஓ.எஸ்.பி.

பத்தாம் வகுப்புப் படிப்போடு, 15 மணி நேரப் பயிற்சி பெற்று, எளிய பாலிசிகளை மட்டும் விற்க அனுமதி பெற்றவர்கள் இவர்கள். 'பாயின்ட் ஆஃப் சேல்ஸ் பெர்சன்' என்பதன் சுருக்கம்தான் பி.ஓ.எஸ்.பி. 2015இல் வந்த ஏற்பாடு. ஊரில் எல்லோரும் இவரையும் ஏஜென்ட் என்றே கூப்பிடுவார்கள். ஆனால் இவர் ஒரு புரோக்கரின் கீழும் இருக்கலாம், ஒரு கம்பெனியின் கீழும் இருக்கலாம். அதைப் பொறுத்து அவர் யாருடைய ஆள் என்பதே மாறும். எனவே முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: நீங்கள் எந்தக் கம்பெனியின் ஏஜென்ட், அல்லது எந்தப் புரோக்கரின் பி.ஓ.எஸ்.பி.? தயங்காமல் பதில் சொல்லி எண்ணைக் காட்டுபவரிடம் மேலே பேசலாம். ஏஜென்ட் விவரத்தையும் புரோக்கர் பட்டியலையும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. தளத்திலேயே சரிபார்க்கலாம்.

## வங்கி

வங்கி சட்டப்படி கார்ப்பரேட் ஏஜென்ட். 2022 டிசம்பர் வரை ஒவ்வொரு பிரிவிலும் மூன்று கம்பெனிகளோடு ஒப்பந்தம் வைக்கலாம் என்று இருந்தது, இப்போது ஒன்பது. நடைமுறையில் கிளையில் உங்களுக்குக் காட்டுவது ஒன்றோ இரண்டோதான். பல நேரம் அந்த வங்கியின் சொந்தக் குழுமக் கம்பெனி.

இங்கே மறைந்திருக்கும் செலவு பெரியது. வீட்டுக் கடன் கேட்டுப் போனவரிடம் ஒற்றைப் பிரீமியப் பாலிசியைக் கடனோடு சேர்த்துக் கட்டிவிடுவது, ஃபிக்சட் டெபாசிட் போட வந்த ஓய்வூதியரிடம் ஐந்து வருஷம் கட்ட வேண்டிய பாலிசியைக் கொடுப்பது, இவை எனக்குக் கோபம் வரவழைக்கும் விஷயங்கள். கடனுக்குக் காப்பீட்டை நிபந்தனையாக்கி இந்தக் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த வங்கிக்கு அதிகாரம் இல்லை. விற்றவர் மாற்றலாகிப் போனபின் கிளெய்முக்கு யாரைப் பார்ப்பது என்பதும் தெரியாது. தவறுதலாக வாங்கிவிட்டால் பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். அந்த உரிமை எந்த வழியில் வாங்கினாலும் ஓராண்டும் அதற்கு மேலும் உள்ள ஆயுள், ஹெல்த் பாலிசிகளுக்கு உண்டு.

கடன் அளவுக்கு மட்டும் ஒரு எளிய டேர்ம் பாதுகாப்பு (குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் தொகை தருவது) வேண்டும், வெளியே விலை விசாரித்தும் பார்த்துவிட்டோம் என்றால் வங்கியில் எடுக்கலாம். மற்றபடி வேண்டாம்.

புது வண்டி வாங்கும்போது ஷோரூமில் காட்டும் இன்சூரன்ஸும் இதே கதைதான். அங்கேயே எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மூன்றாம் நபர் காப்பீட்டின் கட்டணம் அரசு நிர்ணயிப்பது, எல்லாக் கம்பெனிக்கும் ஒன்று. வித்தியாசம் சொந்த வண்டிச் சேதப் பகுதியில்தான்.

## நேரடி

முப்பது வயது, நோய் ஏதும் இல்லை, படிவத்தை நிதானமாகப் படிக்கும் பழக்கம் உண்டு, டேர்ம் பாலிசி வேண்டும். இவருக்கு நேரடி வழிதான் சரி. இரு சக்கர வாகனப் புதுப்பிப்புக்கும் அப்படியே. நடுவில் யாரும் இல்லாததால் படிவத்தில் யாரும் உங்களுக்காகப் பொய் எழுத முடியாது, பணம் நேரே போகிறது, ரசீது உடனே வருகிறது.

ஆனால் கம்பெனி கால்சென்டரில் பேசுபவர் கம்பெனி ஊழியர். அவர் சொல்வதை ஆலோசனை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதோடு, டேர்ம் பாலிசியை நீங்கள் எடுக்கிறீர்கள், கிளெய்ம் செய்யப்போவது உங்கள் மனைவியோ கணவரோ. பாலிசி எங்கே இருக்கிறது, யாரை அழைக்க வேண்டும் என்று வீட்டில் ஒருவருக்காவது தெரியாவிட்டால், மிச்சம் பிடித்த பிரீமியத்தால் என்ன பயன்? ஹெல்த் பாலிசியில் கேஷ்லெஸ் (ஆஸ்பத்திரி பில்லைக் கம்பெனியே நேரே கட்டுவது) அனுமதிக்கு ஒரு மணி நேரத்துக்குள், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024இல் விதி வந்துவிட்டதால், ஆஸ்பத்திரி நேரத்தில் ஆள் இல்லாத குறை முன்பைவிடக் கொஞ்சம் குறைவு.

## தவறு நடந்தால்

எந்த வழியில் வாங்கியிருந்தாலும் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். மறுத்தாலோ, ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, பதிலில் திருப்தி இல்லை என்றாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மன்) போகலாம். 2021 திருத்தத்துக்குப் பிறகு புரோக்கரின் சேவைக் குறைபாடும் இதில் அடங்கும். 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். தனிநபர் பாலிசிகள், குழுப் பாலிசிகள், தனி உரிமையாளர் தொழில்கள், குறுந்தொழில்கள் எல்லாம் வரும். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. கம்பெனி மறுத்ததிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும்.

தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்கும் இந்த அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. போகும்போது புரபோசல் படிவத்தின் நகல், பிரீமியம் ரசீது, பாலிசி, கம்பெனியின் மறுப்புக் கடிதம் ஆகியவற்றோடு, ஏஜென்டோடோ புரோக்கரோடோ நடந்த வாட்ஸ்அப் உரையாடலையும் அச்செடுத்து எடுத்துப் போங்கள்.